அக்கா பதில்கள்: எல் பெர்மிட்காரரின் மனைவி வேலைக்குப் போகலாமா?

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, ‘சுவிட்சர்லாந்தில் எல் பெர்மிட்டில் (குறுகிய காலம் தங்குவதற்கான அனுமதி) இருப்பவரின் மனைவி வேலை பார்க்கலாம், ஆனால் தனி அனுமதி வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். “புளிக்காத தோசை மாவுக்கு அரைப் பக்கம் எழுதினீர்களே, இதற்கு ஒரு வரிதானா?” என்று ஒருவர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மாவு, மருதாணி, மாமியார் எல்லாம் காத்திருக்கட்டும்.

அக்கா, என் கணவர் சென்னை ஐ.டி. நிறுவனத்தின் வழியாக சூரிச்சில் ஒரு புராஜெக்டுக்கு வந்திருக்கிறார். எல் பெர்மிட், ஒரு வருடம். நானும் ஐந்து வயது மகளும் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தோம். நான் எம்.காம். திருச்சியில் ஆறு வருடம் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். ‘டிபென்டன்ட் வேலை செய்ய முடியாது’ என்கிறார் கணவரின் ஹெச்.ஆர். ஆனால் எங்கள் மாடியில் இருக்கும் ஹைதராபாத் அம்மா தினமும் வேலைக்குப் போகிறார். அவரும் டிபென்டன்ட்தான். யார் சொல்வதை நம்புவது? (ஊர்லிகோன் வாசகி, சூரிச்)

ஹைதராபாத் அம்மாவின் கணவரிடம் என்ன பெர்மிட் என்று கேட்டுப் பாருங்கள். பி என்றுதான் சொல்வார், அது எல்-ஐ விட நீண்ட காலம் தங்குவதற்கான அனுமதி.

இந்த நாட்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் 46-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. சுவிஸ் குடிமக்கள், சி பெர்மிட்காரர்கள் (நிரந்தரமாகத் தங்க அனுமதி உள்ளவர்கள்), பி பெர்மிட்காரர்கள் ஆகியோரின் கணவனோ மனைவியோ நாடு முழுக்க எந்த வேலைக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம் என்கிறது அது. அந்த வரிசையில் எல் கிடையாது. எல்-காரரின் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்வதற்கு 45-ஆவது பிரிவு. அதிலும் அனுமதி ‘கொடுக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ‘கொடுக்க வேண்டும்’ என்றில்லை. சேர்ந்து வாழ வேண்டும், ஆட்களுக்குத் தகுந்த வீடு இருக்க வேண்டும், அரசின் உதவிப் பணத்தில் வாழக் கூடாது. நீங்களும் மகளும் வந்து குடியேறியாயிற்று, ஆகவே அதைத் தாண்டிவிட்டீர்கள்.

வேலைக்கு வேறு வழி. அதை நீங்களே போய்க் கேட்க முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள விரும்பும் முதலாளி, கன்டோனின் (இங்கே மாநிலத்துக்கு அதுதான் பெயர்) தொழில் அலுவலகத்தில் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாக என்ன சம்பளமோ அதற்குக் குறையக் கூடாது, வேலை நேரம் விடுமுறை எல்லாமும் அப்படியே. அனுமதி வந்தாலும் அதன் ஆயுள் உங்கள் கணவரின் பெர்மிட்டின் ஆயுள்தான். எல் பெர்மிட் வழக்கமாக ஒரு வருடம், நீட்டித்தால் மொத்தம் 24 மாதம். ஆக ‘முடியாது’ என்று ஹெச்.ஆர். சொன்னது தவறு. ‘தானாகக் கிடைக்காது’ என்று சொல்லியிருந்தால் சரி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பத்து நாட்டு விசாவைப் பார்க்கிறவர்கள் இப்படி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது புதிதில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2012-இல் நான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து விண்டர்தூருக்கு நேராக வந்தவள். பி.காம்., டேலி, தட்டச்சு ஹையர். கணவர் காலை ஆறே முக்காலுக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவார். எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் அறை நிலவறையில் இருந்தது. எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை, அரை நாள். அந்தச் சாவியை எனக்கு முந்தைய முறைக்காரப் பாட்டியிடமிருந்து வாங்க வேண்டும். எனக்கு ஜெர்மன் கற்றுத் தந்தது அந்தப் பாட்டிதான். முதலில் கற்றது ‘பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யவில்லை’ என்ற வாக்கியம்.

நான்கு மாதத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பேச்சு நன்றாகப் போனது. கடைசியில் பெர்மிட் அட்டையைக் கேட்டார்கள். எல் என்ற எழுத்தைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் கடையை மூடுகிற மாதிரி மாறியது. “எங்களுக்கு இந்தச் சிக்கல் வேண்டாம்” என்றார். சிக்கல் என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரயிலில் அழுதுகொண்டே வந்தேன், அதில் ரகசியம் ஒன்றுமில்லை.

பாட்டியிடம் சொன்னபோது, “சட்டம் முடியாது என்றதா, அந்தப் பெண் முடியாது என்றாளா?” என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் கன்டோன் அலுவலகத்துக்குப் போய் நேரில் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, இதை முதலாளி நிரப்ப வேண்டும் என்றார். மூன்று பக்கம். அவ்வளவுதான்.

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் படிவத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே பென்சிலால் நிரப்பி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். என் பெயர், பிறந்த தேதி, கணவரின் பெர்மிட் எண், திருமணச் சான்றிதழ் நகல், படிப்புச் சான்றிதழ்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. முதலாளி எழுத வேண்டியவை கம்பெனி விவரம், வேலையின் பெயர், சம்பளம், கையெழுத்து மட்டுமே. அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உறையையும் கொடுத்தேன். சிறிய அலுவலகம், மொத்தம் நான்கு பேர். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். ஐந்து வாரத்தில் அனுமதி வந்தது. கணவரின் பெர்மிட்டில் அப்போது நான்கு மாதம்தான் பாக்கி. இருந்தாலும் போனேன். அந்த நான்கு மாதச் சான்றிதழ்தான் பிறகு வந்த எல்லா வேலைக்கும் எனக்கு உதவியது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, சட்டத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட முதலாளியின் சோம்பலுக்கு மருந்து தேடுங்கள். கன்டோன்கள் 26, படிவமும் கன்டோனுக்குக் கன்டோன் மாறும். சூரிச்சுக்குரியதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு எழுதுவது என்று முதலாளி தயங்கினால், மத்திய புள்ளியியல் அலுவலகத்தின் ‘சலாரியம்’ என்ற கணிப்பான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொழில், வயது, பகுதி எல்லாம் போட்டால் வழக்கமான சம்பளத்தைக் காட்டும். நீங்களே அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். குறைவான சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தால் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும், வாரங்கள் வீணாகும். ஒப்பந்தத்தில் ‘அனுமதி கிடைத்தால் மட்டுமே செல்லும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி கையில் வரும் வரை ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள், ‘சும்மா வந்து பழகிக்கொள்ளுங்கள்’ என்று கூப்பிட்டாலும் சரி.

மகளுக்கு ஐந்து வயது என்கிறீர்கள். அந்த வயதில் கிண்டர்கார்டன் இலவசம். மதியத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். சூரிச்சில் சின்னக் குழந்தைக்கு முழு நாள் காப்பகம் மானியமில்லாமல் நாளுக்கு 100 பிராங்கைத் தாண்டிவிடும். பள்ளி வயதுக் குழந்தைக்கு அவ்வளவு ஆகாது, ஆனாலும் ஆகும்.

இன்னொன்று. கணவரின் நிறுவனம் பெர்மிட்டைப் பி-யாக மாற்றிக் கொடுத்தால் உங்கள் படிவமெல்லாம் குப்பைக்குப் போகும், மறுநாளே நீங்கள் ஹைதராபாத் அம்மாவோடு ரயில் ஏறலாம். ஆனால் அது நிறுவனம் நினைத்தால் மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சில ஆண்டுகளாக ஆண்டுக்கு 8,500 பெர்மிட் என்று கோட்டா. அதில் பி 4,500, எல் 4,000. இதற்குள்தான் இந்தியா, அமெரிக்கா, சீனா எல்லோரும். கேட்டு வைப்பதில் தப்பில்லை. நம்பிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

நான் சென்னைக் கம்பெனியிலேயே தொடர்ந்து வேலை பார்க்கிறேன். லேப்டாப் மட்டும் லொசானில் இருக்கிறது. சம்பளம் ரூபாயில், சென்னைக் கணக்கில், வரி இந்தியாவில். சுவிஸ்காரர் ஒருவரின் வேலையையும் நான் பறிக்கவில்லை. இதற்கும் அனுமதி வேண்டும் என்று தோழி பயமுறுத்துகிறாள். கணவரிடம் எல் பெர்மிட். (மென்பொருள் சோதனையாளர், லொசான்)

தோழி பயமுறுத்தவில்லை, சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் யாரோ முன்கூட்டியே கேட்டு வைத்த மாதிரி ஒரு விதி இருக்கிறது. அனுமதி தொடர்பான ஆணையில், முதலாளி சுவிட்சர்லாந்தில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், சம்பளம் இங்கே கொடுத்தாலும் அங்கே கொடுத்தாலும், வேலை சில மணி நேரமோ சில நாளோ தற்காலிகமோ எதுவாக இருந்தாலும், அது வேலைதான் என்று எழுதியிருக்கிறது. உங்கள் விரல்கள் எந்த நாட்டில் தட்டச்சு செய்கின்றன என்பதுதான் கேள்வி. பணம் எங்கே விழுகிறது என்பதில்லை.

“எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்று எழுதியிருந்தீர்கள் (அந்த வரியை அச்சில் விட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம்). செய்கிறார்கள், எனக்கும் தெரியும். அனுமதியில்லாமல் வேலை பார்ப்பதற்கு இங்கே ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. முதல் முறை பிடிபடுகிறவரைச் சிறையில் தள்ளுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணவரின் பெர்மிட் நீட்டிப்புக்குப் போகும் நேரத்தில் இப்படியொரு தாள் கோப்பில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதலில் சென்னைக் கம்பெனிக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஊழியர் இன்னொரு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் அவர்களுக்கும் வரி, சமூகப் பாதுகாப்புப் பொறுப்புகள் வரலாம் என்பதால் அவர்களுக்கே அது தெரிய வேண்டும். சம்பளமில்லா விடுப்பு கேட்டு வேலையைக் காப்பாற்றி வைப்பது ஒரு வழி. உங்கள் வேலையை லொசான் இருக்கும் வோ கன்டோன் அனுமதிக்குமா என்று எழுத்தில் கேட்பது இன்னொரு வழி. தொலைபேசியில் கேட்டால் நாளைக்கு ‘அப்படிச் சொல்லவில்லை’ என்பார்கள், அதனால் எழுத்தில். பதில் வரும் வரை லேப்டாப்பை மூடி வையுங்கள். பிரெஞ்சு படியுங்கள். லொசானில் இருந்துகொண்டு பிரெஞ்சு படிக்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றங்கரையில் தாகத்தோடு நிற்கிறவரைப் பார்ப்பது போலிருக்கும்.

அக்கா, என் மனைவி பாசலில் மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறார், எல் பெர்மிட். நான்தான் ‘கூட வந்தவன்’. மதுரையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தேன். ஒரு கிடங்கில் பாதி நேர வேலை கிடைத்து, முதலாளி விண்ணப்பித்து, அனுமதியும் வந்துவிட்டது. நான் வேலைக்குப் போன அடுத்த மாதமே மனைவியின் சம்பளத்தில் வரிப் பிடித்தம் கூடிவிட்டது. நான் சம்பாதிப்பதில் பாதி அங்கே போய்விடும் போலிருக்கிறது. இது நியாயமா? ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். (பாசல் வாசகர்)

தம்பி, ஊரில் சிரிக்கிறவர்கள் உங்கள் வாடகையைக் கட்டுவதில்லை. அவர்களை விட்டுவிடுவோம்.

வரிக்கு வருகிறேன். சி பெர்மிட் இல்லாத வெளிநாட்டவருக்கு இங்கே வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். திருமணமானவர், வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் பி என்ற வரி அட்டவணை. இருவரும் சம்பாதித்தால் சி. பெர்மிட்டுக்கும் பி, சி. வரிக்கும் பி, சி. எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது தெரியுமா! நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போனாலும் மனைவியின் சம்பளம் சி அட்டவணைக்கு மாறிவிடும். குடும்ப வருமானம் கூடியிருக்கிறது என்ற கணக்கில் பிடித்தமும் கூடுகிறது. அலுவலகம் செய்த தவறு இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்திருந்தால்தான் பின்னால் மொத்தமாக வந்து விழும்.

ஆனால் அந்த அட்டவணை உத்தேசக் கணக்கு. உங்கள் உண்மையான வருமானம், குழந்தைக் காப்பகச் செலவு போன்றவற்றை வைத்துப் பார்த்தால் அதிகம் பிடித்திருக்கலாம். அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் சாதாரண வரி மதிப்பீடு வேண்டும் என்று வரி அலுவலகத்தில் கேட்கலாம். ஒரு முறை கேட்டால் அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான், திரும்பிப் போக முடியாது. அதனால் கேட்பதற்கு முன் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இருவரில் ஒருவருடைய மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 1,20,000 பிராங்கோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே படிவம் அனுப்புவார்கள்.

பாசல் நகரக் கன்டோனில் 2022 முதல் சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலி உண்டு. 21 பிராங்கில் ஆரம்பித்தது, பிறகு கூடியிருக்கிறது. உங்கள் கிடங்கு நகரக் கன்டோனுக்குள் இருந்தால் சம்பளச் சீட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரிவுரையாளருக்குக் கிடங்கு என்று வருந்தாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வருத்தமாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு முனைவர் இரண்டு வருடம் ஒரு பேக்கரியில் பெட்டி மடித்தார். ‘நல்ல அனுபவம்’ என்று அவரிடம் சொன்ன ஒவ்வொருவரையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா, நான் யாழ்ப்பாணத்தான், இருபது வருசமாகப் பாரிசில். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கு. ஜெனீவாவில் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைச்சிருக்கு. எல் பெர்மிட்தான் தருவினமாம். மனைவிக்கு இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. அவ பாரிசில் உணவகத்தில் வேலை செய்தவ. ஜெனீவாவில் அவ வேலைக்குப் போக முடியாது என்று இங்க ஒருவர் சொல்லுறார். (பாரிஸ் வாசகர்)

முடியும் அண்ணா. உங்கள் எல் வேறு, மேலே திருச்சித் தங்கையின் கணவருடைய எல் வேறு. அட்டையில் எழுத்து ஒன்றுதான்.

நீங்கள் பிரெஞ்சுக் குடிமகன். சுவிட்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே ஆட்கள் தடையின்றிப் போய் வருவதற்கான ஒப்பந்தம் 2002 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு எல் கொடுப்பார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வருட பி. இந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறவரின் மனைவி எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் வேலை பார்க்கும் உரிமை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு அதற்குத் தடையில்லை. முதலாளி போய் விண்ணப்பித்து அனுமதி வாங்கும் கதையெல்லாம் உங்களுக்குக் கிடையாது. குடும்பத்துக்குத் தகுந்த வீடும், அண்ணிக்கு உங்கள் பெயரின் கீழ் வதிவிட அனுமதியும்தான் வேண்டும். வந்த 14 நாளுக்குள், நீங்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, பதிவுக்குப் போய்விடுங்கள்.

திருச்சித் தங்கை இதைப் படித்தால் பெருமூச்சு விடுவாள். விடட்டும். இரண்டு பெண்கள், ஒரே தெருவில் குடியிருக்கலாம், ஒரே மொழி பேசலாம், ஒருத்தி நாளைக்கே வேலைக்குப் போகலாம், இன்னொருத்தி முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். கணவன் எந்தக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறான் என்பதை வைத்து மனைவியின் வேலையைத் தீர்மானிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சட்டம் இயற்றுகிறவள் இல்லை, கேள்விக்குப் பதில் எழுதுகிறவள்.

அண்ணிக்கு ஒரு வார்த்தை: ஜெனீவா மக்கள் 2020 செப்டம்பரில் வாக்களித்துக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தார்கள். ‘நம்ம ஆக்களின் கடைதானே’ என்று அதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சித்தப்பா பெர்னில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம். நான் சம்பளம் வாங்காமல் பில் போட்டுக் கொடுக்கிறேன், காய்கறி கொடுத்துவிடுகிறார். கணவருக்கு எல் பெர்மிட். சம்பளமில்லை என்றால் அனுமதி வேண்டாம்தானே? (பெர்ன் வாசகி)

வேண்டும். வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை எதுவோ, அதைச் சும்மா செய்தாலும் வேலைதான் என்று சட்டமே சொல்கிறது. கல்லாவில் உட்காருவது அப்படிப்பட்ட வேலை. அதோடு நீங்கள் காய்கறி வேறு வாங்குகிறீர்கள்! சோதனைக்கு வந்தால் உங்களை விடச் சித்தப்பாவுக்குத்தான் அதிகச் சங்கடம், ஏனென்றால் அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கும் தண்டனை உண்டு. பயிற்சி, இன்டர்ன்ஷிப், ஆ பேர் (ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது) என்று வேறு பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

கோயில் திருவிழாவில் ஒரு நாள் பந்தி பரிமாறுவதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டும் ஒரு கடிதம் வந்திருந்தது. நிம்மதியாகப் பரிமாறுங்கள்.

சித்தப்பாவுக்கு உண்மையில் ஆள் வேண்டுமென்றால், முதல் பதிலில் சொன்ன படிவத்தை அவரே நிரப்பி உங்களைச் சனிக்கிழமை ஊழியராகச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டுமே. உறவுக்காரர் என்பது தடையில்லை. அவர் யோசிப்பார். யோசித்தால், இத்தனை நாள் உங்கள் சனிக்கிழமைகளின் விலை என்ன என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பி.எஸ்சி. நர்சிங், வேலூரில் எட்டு வருட அனுபவம். கணவரின் எல் பெர்மிட்டில் ஆராவில் இருக்கிறேன். இங்கே செவிலியர் பற்றாக்குறை என்கிறார்கள். உடனே எடுத்துக்கொள்வார்களா? (ஆராவ் வாசகி)

பற்றாக்குறை உண்மை. உடனே என்பது மட்டும் இல்லை. வெளிநாட்டுச் செவிலியர் படிப்பை இங்கே அங்கீகரிப்பது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம். பாடத்திட்டம், மணி நேரங்கள், மதிப்பெண்கள் எல்லாம் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். குறை இருந்தால் ஈடுசெய்யப் பயிற்சியோ தேர்வோ சொல்வார்கள். ஜெர்மனும் நன்றாக வேண்டும், ‘வணக்கம், நலமா’ அளவு போதாது. கணவரின் பெர்மிட்டோ அதிகபட்சம் 24 மாதம். அதனால் இன்றே இரண்டு காரியத்தையும் ஒன்றாக ஆரம்பியுங்கள், ஒன்று முடிந்து ஒன்று என்று வைத்தால் திரும்பும் விமானத்தில்தான் அங்கீகாரக் கடிதம் கிடைக்கும்.

இடையில் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு முயலலாம். அதற்கும் அதே முதலாளி விண்ணப்பம்தான். எட்டு வருட அனுபவமுள்ள செவிலியருக்கு அது இறங்குமுகம், தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அங்கே தாத்தா பாட்டிகள் பேசும் வட்டார ஜெர்மனை எந்த வகுப்பிலும் கற்றுத் தர மாட்டார்கள்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவருக்கு)

உங்கள் கடிதத்தை அச்சிடவில்லை. கைப்பட எழுதியது யாருக்காவது அடையாளம் தெரிந்துவிடக் கூடாது. இந்தப் பதில் மட்டும் உங்கள் கண்ணில் படட்டும்.

‘போலீசுக்குப் போனால் விசாவை ரத்து செய்து விமானத்தில் ஏற்றிவிடுவேன்’ என்று உங்கள் கணவர் சொல்வது பொய். உங்கள் பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை, அதை முடிவு செய்வது கன்டோனின் குடிவரவு அலுவலகம். முன்பு எல் பெர்மிட்காரரின் மனைவிக்குச் சட்டத்தில் பாதுகாப்புப் போதாமல்தான் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மாறியிருக்கிறது. குடும்ப வன்முறையால் பிரிந்து போகிறவர் தொடர்ந்து இங்கே தங்க உரிமை கோரலாம் என்ற 50-ஆவது பிரிவு, இப்போது எல் பெர்மிட்காரரின் துணைக்கும் பொருந்தும்.

ஆதாரம் வேண்டும். மருத்துவர் எழுதிய அறிக்கை, காவல்துறையில் பதிந்தது, பெண்கள் காப்பகத்தின் கடிதம், பாதிக்கப்பட்டோர் ஆலோசனை மையத்தின் கடிதம் எல்லாமே கணக்கில் வரும். ஒவ்வொரு கன்டோனிலும் அந்த ஆலோசனை மையம் இருக்கிறது. ஜெர்மனில் ‘ஓப்ஃபர்ஹில்ஃபே’ என்பார்கள். கட்டணம் இல்லை, ரகசியம் காப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். முதலில் அங்கே போங்கள், போலீசுக்குப் போவதா என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்யலாம். கை ஓங்குகிற நேரத்தில் யோசிக்காமல் 117-ஐ அழையுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட் அட்டை, திருமணச் சான்றிதழ் மூன்றையும் படம் எடுத்து உங்கள் அக்காவுக்கு அனுப்பி வையுங்கள், கணவர் பார்க்க முடியாத கைப்பேசியிலிருந்து.

வேலை கிடைத்தால் தப்பிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேலை அப்புறம் வரும் அம்மா. முதலில் இது.

கணவருக்கு லுகானோவில் நான்கு மாத வேலை மட்டும். நானும் கூடப் போய் ஏதாவது வேலை பார்க்க முடியுமா? (கோவை வாசகி)

கணவரின் நான்கு மாத வேலையை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள் என்று முதலில் கோவையிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்வையாளர் விசாவில் போனால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா ஏற்பாடு) கணக்குப்படி எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம், வேலை கூடாது. ஏரி அழகாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குடை எடுத்துப் போங்கள், லுகானோவில் வெயிலும் அதிகம், மழை பெய்தால் அதுவும் கொட்டித் தீர்க்கும்.